மூன்றரை மணி நேரம்தானே!

ஜோயல், அனிதா... இரண்டு பேரும் இங்கே வந்து உட்காருங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். இந்த வாரம் இந்தப் பத்தி உங்களுக்குத்தான்.

வாரா வாரம் இந்த மூலையில் என்னோடு பேச வருகிற வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் கூட உட்காரலாம். நான் சொல்லப்போகிற மாதிரி ஓர் ஆள் உங்கள் வீட்டிலும் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா அடக்கம் முடிந்து இரண்டு நாள். பாகான் டாலாமில் அவர் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறோம். ஜோயல், நீ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ஏன்பா, ஸ்டெல்லா அத்தை மட்டும் லேட்டா வந்தாங்க? சென்னையிலேர்ந்து பினாங்கு மூணரை மணி நேரம்தான்னு இதுல போட்டிருக்கே!"

நீ குத்திப் பேசவில்லை. எனக்குத் தெரியும். நீ படித்ததைக் கேட்டாய். ஆனால் அடுப்படியில் அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் ஆரம்பித்தது — முன்பைவிட வேகமாக.

எதிரே உட்கார்ந்திருந்த செபா மாமா சிரித்தார்.

"பாத்தியா? சின்னப் பையனுக்கே தெரியுது லா!"

அப்போது நான் பதில் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில், வாயைத் திறந்தால் துக்க வீடு சண்டை வீடாகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில், எங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் அருளப்பன் — இந்தப் பிள்ளைகளின் பெரியப்பா. நடுவில் நான், சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். கடைசி ஸ்டெல்லா. சென்னைப் பக்கம் ஆவடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்தோம்.

செபா மாமா யார்? அண்ணியின் மூத்த அண்ணன். ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் யார் இறந்தாலும் முதல் ஃபோன் அவருக்குத்தான் போகும். சவப்பெட்டி, பந்தல், நாற்காலி, ஃபாதர், கல்லறையில் இடம் — நாம் அழுது முடிப்பதற்குள் அவர் எல்லாவற்றையும் முடித்திருப்பார். இந்த முறையும் அப்படித்தான். கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அந்த நன்றி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன். மோசமான ஆள் மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபம்!

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு நான்தான் ஃபோன் செய்தேன். அவள் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"சின்னண்ணே, நான் வர்றேன். பெட்டிய மூடிற வேணாம்னு சொல்லு. கோடி நான்தான் போடணும்."

பிள்ளைகளே, கோடி என்றால் உங்களுக்குப் புரியாது. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் எங்கள் ஆட்கள் விடாமல் வைத்திருக்கிற வழக்கம் அது. அண்ணன் தம்பி இறந்தால், கூடப்பிறந்தவள் ஒரு புது வேட்டியோடு வருவாள். அதை அவர் மேல் போர்த்துவாள். முகத்தைத் தொடுவாள். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூடுவது. ஃபாதர்மார்களும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடம் வேறு யாருக்கும் கிடையாது, கூடப்பிறந்தவளுக்கு மட்டும்தான்.

அடக்கம் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று முடிவாயிற்று. பெட்டியை மூன்று மணிக்கு மூடிக் கோயிலுக்குக் கொண்டு போவது, பூசை, பிறகு கல்லறை.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேராக வருகிற விமானத்தில் அன்றைக்கு இடம் இல்லை. மாப்பிள்ளை எங்கெங்கோ கேட்டு, கோலாலம்பூர் வழியாக ஒரு டிக்கெட் எடுத்தார். ராத்திரி சென்னையில் ஏறி, விடியற்காலையில் கோலாலம்பூரில் இறங்கி, அங்கே காத்திருந்து, இன்னொரு விமானம் பிடித்துப் பகலில் பினாங்கு. அந்த டிக்கெட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். 'நான் வந்துகொண்டிருக்கிறேன், காத்திருங்கள்' என்று அதற்கு அர்த்தம். வேறென்ன?

செபா மாமா அதைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, கைப்பேசியைத் தூரப் பிடித்து...

"இது என்னா கணக்கு? சென்னையில பதினொன்றரைக்கு ஏறுறா. கேஎல்ல ஆறு மணிக்கு எறங்குறா. ஆறரை மணி நேரம்! நான் இப்பத்தான் தட்டிப் பாத்தேன், மூணரை மணி நேரம்னு போட்டிருக்கு. மிச்ச நேரம் எங்க போச்சு?"

பக்கத்தில் இருந்த ஒருவர், "எங்கேயாவது நின்னு வருமோ என்னமோ" என்றார்.

"ஆகாசத்துல எங்க நிக்கும்? டீ குடிக்கவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பெட்டி ஐந்தடி தூரத்தில் இருக்கிறது. சிரித்தார்கள்!

நான் போய்ச் சொன்னேன்: "மாமா, அங்க மணி வேற, இங்க மணி வேற. நமக்கும் அவங்களுக்கும் ரெண்டரை மணி நேரம் வித்தியாசம். அவ ஏறுற மணி அங்கத்த மணி, எறங்குற மணி இங்கத்த மணி. அப்படிப் பாத்தா நாலு மணி நேரம்தான்."

"தம்பி, நான் முப்பது வருஷம் ஆபீஸ்ல குப்ப கொட்டினவன். எனக்கு மணி கழிக்கத் தெரியாதா?"

நான் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தோடு சரி. இந்த இரண்டரை மணி நேரம் எனக்குத் தெரிந்ததுகூட ஸ்டெல்லாவால்தான். நான் வேலை முடிந்து ஃபோன் செய்தால், "அண்ணே, இங்க இன்னும் வெயில் எறங்கல, நீ அதுக்குள்ள விளக்கு போட்டுட்டியா?" என்பாள். அவளோடு அடிக்கடி பேசுகிற யாருக்கும் இது தெரிந்திருக்கும். பேசினால்தானே?

அதைவிட ஒன்று சொல்கிறேன். அந்தப் பந்தலில் இந்தியாவுக்குப் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். விமானம் இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர்கள். ஒருவராவது, 'ஆமாம், அவன் சொல்வது சரி' என்று வாயைத் திறந்தார்களா? கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் மாமா டிக்கெட்டின் அடுத்த பாதிக்கு வந்தார்.

"கேஎல்ல காலையில எறங்கி, பகல்லதான் பினாங்குக்கு ஏறுறாளாம். அது வரைக்கும் என்னா பண்ணுவா? ஷாப்பிங்தான்! ஒரு பஸ்ஸப் புடிச்சாவது வரலாமே?"

ஷாப்பிங். அதையே குடும்ப வாட்ஸ்அப்பிலும் தட்டிப் போட்டார். அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பகல் நான் காடியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். "யாராச்சும் போயி அந்தம்மாவ ஏத்திட்டு வாங்க" என்று மாமா பொதுவாகச் சொன்னார். யாரும் நகரவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்தான்; நானே எழுந்தேன்.

கோலாலம்பூரில் விமானம் தாமதம். அவள் வெளியே வரும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது. தோளில் ஒரு பை, அவ்வளவுதான். லக்கேஜ் வரும்வரை நின்றால் நேரமாகும் என்று எதையும் அதில் போடாமல் வந்திருக்கிறாள். காடியில் ஏறியதும் பையைத் திறந்து எனக்குக் காட்டினாள். மாற்றிக்கட்ட ஒரு சேலை. ஒரு தண்ணீர்ப் புட்டி. பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு புது வேட்டி. ஏர்போர்ட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி வாங்கினாளாம்.

இதுதான் அவள் செய்த ஷாப்பிங்.

"மயில்கண் கரைதானே பெரியண்ணனுக்குப் புடிக்கும்?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பாலத்தில் ஏறினோம். ஏறியதும் நின்றோம்.

முன்னால் எங்கேயோ ஒரு லாரி படுத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் வேறு. வீட்டுக்குப் போகிற பினாங்கு முழுவதும் அந்தப் பாலத்தில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கடல். பின்னால் கொம்தார் கோபுரம். முன்னால் பட்டர்வொர்த் கரை — துறைமுகத்துக் கிரேன்கள்கூடத் தெரிகின்றன. அந்தக் கிரேன்களுக்குப் பின்னால்தான் பாகான் டாலாம். அண்ணன் படுத்திருக்கிற வீடு.

"அதோ தெரியுதே அண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "அங்கதானே?"

"அங்கதான்."

"நான் எறங்கி நடந்து போயிடட்டுமா?"

கேலிக்காகச் சொல்லவில்லை. கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள்.

அப்போது ஃபோன். செபா மாமா.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பாலத்துல மாமா. ஜாம். அசையவே இல்ல."

"பாலமா? பாலம் பத்து நிமிஷம்தானே!"

பார்த்தீர்களா? அவருக்கு எல்லாமே 'தானே'தான். கடல் கடப்பது மூன்றரை மணி நேரம்தானே. பாலம் பத்து நிமிடம்தானே. அவர் வாயில் விமானம் தாமதமாவதில்லை, லாரி படுப்பதில்லை, டிக்கெட் தீர்ந்து போவதில்லை. கைப்பேசியில் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்குள் வந்து சேராதவர்கள் மனசில்லாதவர்கள்!

"கொஞ்சம் பொறுங்க மாமா. அவ மொகத்தப் பாத்துடட்டும்."

"பாக்குறேன், பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

வண்டிகள் ஊர்ந்தன. அவள் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஏசியைக் கூட்டினேன், குறைத்தேன். வேறென்ன செய்வது?

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வாசலில் நின்றிருந்தார். கோயில் பக்கம் கையைக் காட்டினார். கோயிலுக்குப் போனால், பூசை முடிந்து அங்கிருந்தும் எடுத்திருந்தார்கள். கல்லறையில்தான் பிடித்தோம். பெட்டி குழிக்குள் இறங்கிவிட்டது. எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

கோடியை ஏற்கெனவே போட்டுவிட்டார்களாம். விக்டோரியா, எங்கள் சித்தப்பா மகள். பட்டர்வொர்த்தில் வாங்கி வைத்திருந்த ஒரு வேட்டி. விக்டோரியாவைக் குறை சொல்ல மாட்டேன். போடச் சொன்னார்கள், அழுதுகொண்டே போட்டிருக்கிறாள்.

ஸ்டெல்லா குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மூடின பெட்டி. அதன்மேல் மண். அவளும் ஒரு பிடி போட்டாள். இன்னொரு கையில் அந்த வேட்டி அப்படியே இருந்தது, உறை பிரிக்காமல்.

ஜோயல், நீ அப்போது எனக்குப் பக்கத்தில் வந்து நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். ஞாபகம் இருக்கிறதா? உன்னை வைத்துக்கொண்டு நான் அழவில்லை.

இப்போது, மகனே, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நல்லா யோசித்துச் சொல்.

அன்றைக்கு லேட்டாக வந்தவர்கள் எத்தனை பேர்?

அத்தை மட்டும்தான் என்று நீ நினைத்தாய். நானும்தானே அந்தக் காடியில் இருந்தேன்? அதே பாலம். அதே லாரி. என் அண்ணன் முகத்தை மூடும்போது நானும் அங்கே இல்லை. ஒருவராவது என்னை ஏன் என்று கேட்டார்களா? "பாவம், அலைஞ்சிட்டு வந்திருக்கான், மொதல்ல தண்ணி குடுங்க" என்றார்கள். பசியாறச் சொன்னார்கள். விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவளை மட்டும் மேலும் கீழும் பார்த்தார்கள்.

ஒரே காடியில் வந்த இரண்டு பேரில் ஒருவர் எப்படி லேட், இன்னொருவர் எப்படிப் பாவம்? எந்தக் கைப்பேசியில் தட்டினால் இதற்குப் பதில் வரும்?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சூடாகிறது.

அத்தையைப் பெண் கேட்டு வந்த நாளில் நம் வீட்டில் எல்லோரும் தயங்கினோம். கடல் தாண்டி ஒரு பெண்ணை அனுப்புவதா? அவளே தயங்கினாள். அன்றைக்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தவர் யார் தெரியுமா? இதே செபா மாமா.

"இந்தா இருக்கு சென்னை! பிளேன்ல மூணரை மணி நேரம்தானே? நெனச்சா போயிப் பாத்துட்டு வரலாம். கேஎல்லுக்குக் காடியில போறதவிடக் கிட்ட!"

அதை நம்பித்தான் அனுப்பினோம். அதற்குப் பிறகு நினைத்தவர் யார், போனவர் யார்? நம் வீட்டிலிருந்து ஒரே ஒரு தடவை போனோம் — அனிதா, நீ அப்போது கைக்குழந்தை. மாமா போகவே இல்லை. கூப்பிட்டபோதெல்லாம் என்ன சொன்னார்? "அவ்ளோ தூரம் யாரு போறது? பாஸ்போர்ட் எடுக்கணும், விசா எடுக்கணும், எனக்குக் கால் வேற வலி."

அதாவது, இங்கிருந்து அங்கே போனால் 'அவ்வளவு தூரம்'. அங்கிருந்து இங்கே வந்தால் 'மூன்றரை மணி நேரம்தானே'. இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரே கடல்தானே? அது எப்படி ஒரு பக்கம் மட்டும் நீளும்?

வேடிக்கை என்னவென்றால், மாமாவின் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் இங்கிருந்து சென்னைக்குப் போவதுதான் சுலபம்! நம் கடிகாரத்தில் காலை பத்து மணிக்கு ஏறினால், அங்கே அவர்கள் கடிகாரத்தில் பதினொன்றரைக்கு இறங்கிவிடலாம். மாமா கழித்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம்தான். அப்படியும் போகவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுது அழுது குரலே இல்லை.

"தம்பி, ஒன்னு சொல்லணும். அன்னிக்கு ஃபாதர் கேட்டாரு... 'தங்கச்சி வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்களே, அரை மணி நேரம் காத்திருக்கலாமா?'ன்னு. சவ வண்டிக்காரப் பையனும் எனக்கு அவசரமில்லன்னுதான் சொன்னான். எங்கண்ணன்தான்..."

"என்னா சொன்னாரு?"

"'வர்ற மனசிருந்தா நேத்தே வந்திருப்பாங்க ஃபாதர், நீங்க ஆரம்பிங்க'ன்னு சொல்லிட்டாரு. எனக்கு அப்ப வாய் வரல தம்பி. மன்னிச்சிடுப்பா."

அண்ணியை நான் மன்னிக்க என்ன இருக்கிறது? புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண் யாரோடு வாதாடுவார்?

நேரம் இருந்திருக்கிறது! காத்திருக்க ஃபாதர் தயார், வண்டி தயார். லாரி இல்லை, விமானம் இல்லை, கடல் இல்லை... குறுக்கே நின்றது ஒரே ஒரு மனிதரின் கூட்டல் கழித்தல்.

நேராக வாசலுக்குப் போனேன். மாமா வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில், அந்த வெயிலில். நானும் ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தேன். பிறகு கேட்டேன்.

"ஏன் மாமா, ஃபாதர் காத்திருக்கலாம்னு சொன்னாராமே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்னா? சொன்னாரா இல்லையா?"

"எல்லாரும் எவ்ளோ நேரம்தான் உக்காந்திருப்பாங்க? நாளைக்கு என்னையத்தானே கொற சொல்லுவாங்க? நான் பொதுவாத்தான் சொன்னேன். நீ ஏன் தம்பி கோவப்படுற?"

"பாலத்துல நானும்தானே இருந்தேன்? எனக்கும் வர மனசில்லன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ என்னாப்பா பண்ணுவ, ஜாம்!"

"அவளுக்கு மட்டும் ஜாம் இல்லியா மாமா? அவ மட்டும் தனியா பறந்து வரணுமா?"

அவர் ஒரு நாற்காலியை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்றார்.

நடந்தது யாருக்கு நடந்தது? போனது யாருக்குப் போனது?

அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் அவர் அந்த நாற்காலியை அடுக்கின் மேல் தலைகீழாக வைத்ததைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். புரிந்ததை ஒத்துக்கொள்ள அவருக்கும் ஏதோ ஒரு தூரம் இருக்கிறது போல. அது எத்தனை மணி நேரமோ, நான் அறியேன்.

ஆனால் வாட்ஸ்அப்பில் அவர் போட்ட அந்த 'ஷாப்பிங்' இன்னும் இருக்கிறது, கீழே சிரிக்கிற மூஞ்சிகளோடு. அதை ஸ்டெல்லா படித்தாளா என்று நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை அவளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது அவளே சொன்னாள்.

"சின்னண்ணே, முப்பதாம் நாள் பூசைக்கு வரணும்னு அண்ணி சொன்னாங்க."

"வா. டிக்கெட்ட முன்னாடியே எடுத்துடுவோம். நேரா வர்றதுல எடுப்போம்."

"பாக்கலாம்ணே" என்றாள்.

பிள்ளைகளே, 'பார்க்கலாம்' என்று உங்கள் அத்தை இதுவரை சொன்னதே இல்லை. அனிதா, உன் புதுநன்மைப் பூசைக்கு 'வர்றேன்' என்றாள், வந்தாள். கொரோனா முடிந்து வழி திறந்ததும் 'வர்றேன்' என்றாள், வந்தாள். வந்தது எல்லாமே அவள்தான். அந்தக் கணக்கை யாராவது கைப்பேசியில் தட்டிப் பார்த்தீர்களா?

ஜோயல், உன்மேல் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள். உன் கைப்பேசி பொய் சொல்லவில்லை. விமானம் ஆகாயத்தில் இருக்கிற நேரம் மூன்றரையோ நாலோ — அதைத்தான் அது சொல்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றும் சொல்லும். அதுவும் சரிதான். ஆனால் ஒரு மனுஷி ஓர் ஊரிலிருந்து கிளம்பி இன்னோர் ஊரில் தன் அண்ணனிடம் வந்து சேருகிற நேரம் அதற்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் கைப்பேசி இல்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாளே, அவளைக் கேட்டிருக்கலாம். "வழியெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா அத்தை?" என்று கேட்டிருக்கலாம்.

இன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு ஃபோன் போடு. அங்கே அப்போது இன்னும் வெயில் இருக்கும். அதைக் கேள். போதும்.

ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது அவள் பையிலிருந்து அந்த வேட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். உறை அப்போதும் பிரிக்கவில்லை.

"இத எங்க கொண்டு போறதுன்னு தெரியலண்ணே. வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நீயே பாத்துக்க."

உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவு மூடியது.

நான் நேற்று லீவு எடுத்திருந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கல்லறைக்குப் போனேன். பகல் வெயிலில் அங்கே யாரும் இல்லை. அண்ணன் மேல் போட்ட பூ எல்லாம் காய்ந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு, உறையைப் பிரித்து, வேட்டியை விரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் மண்மேட்டின் மேல் போர்த்தினேன். மயில்கண் கரைதான். கடல் காற்று தூக்கப் பார்த்தது. நாலு கல் பொறுக்கி நாலு மூலையிலும் வைத்தேன். "ஸ்டெல்லா வந்துட்டாண்ணே" என்று சொன்னேன்.

கல்லறைக்குப் போன வழியில் பாலம் காலியாகக் கிடந்தது. பத்து நிமிடம்தான் ஆயிற்று.